குளிர்காலத்தில் ஃப்ளூ: ஒரு ரயில்வேக்காரனின் அனுபவப் பாடம்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் ரயில்வேயில் எங்கள் பிரிவுக்குத் தூக்கம் போய்விடும். பொதுமக்களுக்குத் தெரிவதெல்லாம் மூடுபனியும், அதனால் தாமதமாக வரும் ரயில்களும்தான். தண்டவாளம் படும் பாடு வெளியில் தெரியாது. இரும்பு குளிரில் சுருங்கும். பழைய 13 மீட்டர் தண்டவாளம் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். வெப்பநிலை 40 டிகிரி குறைந்தால் அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் சுருங்கும். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளமோ சுருங்க வழியில்லாமல் இழுபட்டு நிற்கும். பலவீனமான இடம் எங்கேயாவது இருந்தால், ஜனவரி மாதத்து விடியற்காலையில் அங்கே விரிசல் காணும். அதனால்தான் குளிர்காலத்தில் இரவு ரோந்து உண்டு. கீமேன் தோளில் சுத்தியலுடன் தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து, தளர்ந்ததை எல்லாம் தட்டி இறுக்கிக்கொண்டே போவார். அவர் செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாள் அதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து 1980-ல் வடக்கு ரயில்வேயில் சேர்ந்தேன். 38 வருஷ சர்வீஸுக்குப் பிறகு 2018-ல் ஓய்வு பெற்றேன். இந்த 67 வயதில், 'குளிர்காலத்தில் ஃப்ளூ வராமல் இருக்க என்ன செய்யலாம்?' என்று எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு தவறு செய்தவன். அந்தத் தவறைச் சொல்லிவிட்டு மற்றவற்றைச் சொல்வதுதான் முறை.

2019 பொங்கல்

2019 ஜனவரி, பொங்கல் விழா. பந்தி பரிமாறும் பொறுப்பு என்னுடையது. முதல் நாள் இரவே உடம்பு வலியும் குளிர் நடுக்கமும் தொடங்கிவிட்டன. காலையில் ஜுரம் 101 டிகிரி. "இன்றைக்குப் போக வேண்டாமே" என்றாள் என் மனைவி. "38 வருஷத்தில் ஜுரம் என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை, பொங்கலுக்கா போடுவேன்?" என்று சொல்லி, ஒரு பாராசிட்டமால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மங்கி குல்லாவும் மப்ளருமாகக் கிளம்பிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கரோல்பாக் நாட்களிலிருந்து எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் அன்று வந்திருந்தார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவருக்கு 78 வயது. மூன்றாவது மாடி வீட்டிலிருந்து லிஃப்ட் இல்லாமல் தினமும் இறங்கி ஏறுவார். வாயைத் திறந்தால் திருப்புகழ். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினார். நடுநடுவே நான் இருமினேன். "சுக்குக் காப்பி சாப்பிடப்பா" என்றார்.

மூன்றாம் நாள் அவருக்கு ஜுரம். ஒரு வாரத்துக்குள் நிமோனியா. 12 நாள் ஆஸ்பத்திரி வாசம். என்னிடமிருந்துதான் தொற்றியது என்று யாரும் நிரூபிக்க முடியாது. யாரும் என்னைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால், "வீட்டில், வெளியில் யாருக்காவது ஃப்ளூ இருந்ததா?" என்று டாக்டர் கேட்டபோது, பக்கத்தில் நின்ற மாமி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "தெரியவில்லை டாக்டர்" என்றார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

மாமா பிழைத்து வீடு திரும்பினார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "அதை விடப்பா, பொங்கல் பிரமாதமாக இருந்தது" என்றார். அதன் பிறகும் இரண்டு வருஷம் இருந்தார். ஆனால் அந்த மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி ஒரு விழாவுக்கும் அவர் வரவில்லை. நான்கு அடி பாடினால் மூச்சு வாங்கியது.

அதற்குப் பிறகுதான் இந்த நோயைப் பற்றி, ஒரு விபத்து விசாரணை போல, ஆதியோடந்தமாகத் தெரிந்துகொண்டேன்.

குளிரால் வருவதில்லை, ஆளால் வருகிறது

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். தலைக்குக் குளித்ததால் ஃப்ளூ, தயிர் சாப்பிட்டதால் ஃப்ளூ, ஆரஞ்சு சாப்பிட்டதால் ஃப்ளூ என்றெல்லாம் நம் வீடுகளில் சொல்கிறோம். இன்ஃப்ளுயன்சா என்பது ஒரு வைரஸ். 1933-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் அதை மனிதர்களிடமிருந்து பிரித்தெடுத்து நிரூபித்துவிட்டார்கள். தயிரில் அது இல்லை. அது இருப்பது நோய் கண்டவரின் மூக்கிலும் தொண்டையிலும். அவர் தும்மும்போதும் இருமும்போதும் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக வெளியே வருகிறது. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். மிகச் சிறியவை, மூடிய அறையில் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டிருக்கும். கதவுப் பிடி, லிஃப்ட் பொத்தான், மெட்ரோ கம்பி போன்ற வழவழப்பான பரப்புகளில் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரைகூட வைரஸ் உயிர்ப்போடு இருக்க முடியும். அங்கே தொட்ட கை மூக்கையோ கண்ணையோ வாயையோ தொட்டால் போதும்.

அப்படியானால் குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. குளிர்ந்த, வறண்ட காற்றில் இந்த வைரஸ் அதிக நேரம் பிழைத்திருக்கிறது. ஹீட்டர் போட்ட அறையில் காற்று இன்னும் வறண்டு, மூக்கின் உட்புற ஈரச் சவ்வு காய்ந்து போகிறது. நமக்கு இயற்கை தந்த வடிகட்டி அதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில், ஒரே ரஜாய்க்குள் கூடிவிடுகிறோம். குளிர் வழியைத் திறந்துவிடுகிறது. அந்த வழியாக நோயைக் கொண்டு வருவது ஆள்தான்.

இதற்கு ரயில்வே சரித்திரத்திலேயே ஒரு துயரமான சாட்சி உண்டு. 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டிய இன்ஃப்ளுயன்சா, ரயில் பாதை வழியாகவே நாட்டின் உள்பகுதிகளுக்குப் பரவியது. அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இரண்டாவது அலைதான் மிகக் கொடியது. இந்தியாவில் இறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்பது கணக்கு. 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் இந்திய மக்கள்தொகை கூடுவதற்குப் பதில் குறைந்தது. ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் அப்படி நேர்ந்த ஒரே பத்தாண்டு அதுதான். நான் காலமெல்லாம் பழுது பார்த்த அதே இருப்புப்பாதை, ஒரு காலத்தில் நோயைச் சுமந்து சென்றது என்று படித்தபோது மனம் கனத்தது.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2015-ல் நம் நாட்டில் எச்1என்1 ஃப்ளூவால் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாகவும், ஏறக்குறைய 3,000 பேர் இறந்ததாகவும் அரசுக் கணக்கு சொல்கிறது. அது இப்போது வருஷா வருஷம் வந்து போகும் ஃப்ளூக்களில் ஒன்றாகிவிட்டது.

இனி, கீமேன் நடப்பதுபோல் தினமும் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

கை

சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுவது முதல் காவல். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பாத்திரத்தை சோப்பு எப்படிச் சுத்தமாக்குகிறதோ அப்படியே இந்த உறையையும் குலைத்துவிடும். பிள்ளையாருக்கு ஒரு சின்ன ஸ்லோகம் மனதுக்குள் நிதானமாகச் சொன்னால் 20 விநாடி ஆகிவிடும். விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் மூன்றையும்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

டில்லிக் குழாய்த் தண்ணீர் ஜனவரியில் கையை வெட்டும். அதற்குப் பயந்து விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் அப்படி இருந்தவன்தான். வென்னீர் கட்டாயம் இல்லை, சோப்பு பச்சைத் தண்ணீரிலும் வேலை செய்யும். ஆனால் மனிதன் செய்ய வேண்டுமே! அதனால் எங்கள் வீட்டில் வாஷ்பேஸின் பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் வென்னீர் வைத்து, ஒரு சொம்பில் விளாவிக்கொள்கிறோம். அன்றிலிருந்து பேரன் கை கழுவாமல் தப்பித்ததில்லை. வெளியில் இருக்கும்போது, 60 சதவிகிதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் உள்ள சானிட்டைசர் போதும்.

நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். கோயிலில் வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, அதே கையில் தீர்த்தம் வாங்கி வாயில் விட்டுக்கொள்கிறோம். நமக்குக் கை சுத்தம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அவசியம். அதேபோல் நம்மிடம் உள்ள நல்ல வழக்கங்களையும் விட்டுவிடக் கூடாது. டம்ளரைத் தூக்கிக் குடிப்பது, வெளியிலிருந்து வந்ததும் கை கால் கழுவுவது, கைகூப்பி வணக்கம் சொல்வது ஆகிய மூன்றும் ஃப்ளூவுக்கு எதிரான நல்ல ஏற்பாடுகள்.

மூக்கும் கைக்குட்டையும்

தும்மல் வந்தால் உள்ளங்கையால் மூடாதீர்கள். அடுத்த நிமிஷம் அந்தக் கையைத்தான் யாருக்காவது நீட்டுவீர்கள். முழங்கை மடிப்பில் தும்முங்கள். கைக்குட்டை என்றால் தினம் ஒன்று, சளி இருந்தால் தினம் மூன்று. ஈரக் கைக்குட்டையை நாள் முழுவதும் ஸ்வெட்டர் பையில் வைத்திருப்பது நோய்க்குக் கிடங்கு வைத்த மாதிரி. மப்ளர், சால்வை நுனியால் மூக்கைத் துடைப்பது நம்மில் பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. ஸ்வெட்டரையும் மப்ளரையும் சீஸன் முடிந்து ஒரே தடவை தோய்ப்பது என்பதும் சரியில்லை. வாரம் ஒரு முறையாவது மப்ளரைத் தோய்த்து வெயிலில் போடுங்கள். வீட்டில் ஆளுக்கொரு துண்டு இருக்க வேண்டும்.

காற்று

டில்லியில் இது சிக்கலான விஷயம். ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் ஃப்ளூ. நான் கடைப்பிடிக்கும் வழி இது. விடியற்காலையில் திறப்பதில்லை, அப்போதுதான் புகையும் பனியும் தரையோடு படிந்திருக்கும். நன்றாக வெயில் ஏறிய பிறகு, பகல் ஒரு மணி வாக்கில், எதிரெதிர் ஜன்னல்களை 15 நிமிஷம் திறந்துவிடுகிறேன். காலை நடையையும் அதேபோல் வெயில் வந்த பிறகுக்கு மாற்றிக்கொண்டேன். காற்று மிக மோசமான நாட்களில் நடை வீட்டுக்குள்தான். கூட்டமான பஸ்ஸிலும் மெட்ரோவிலும் என்95 முகக்கவசம் அணிந்தால் புகைக்கும் தடுப்பு, ஃப்ளூவுக்கும் தடுப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூடிய அறையில் கரி அங்கீட்டி வைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கு ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீஸர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

சாப்பாடும் தூக்கமும்

மிளகு ரசம், சுக்குக் காப்பி, மஞ்சள் பால் எல்லாம் நல்லவை. தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தெம்பு, வயிற்றுக்குள் நாலு டம்ளர் திரவமும் போகும். ஆனால் அவை வைரஸைக் கொல்வதில்லை. ரசம் சாப்பிட்டேன், ஆகவே கை கழுவ வேண்டாம் என்று இருக்க முடியாது. குளிர்காலத்தில் தாகம் தெரியாது. குறிப்பாக வயதானவர்கள், இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். பகலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு, படுக்கப் போகும் முன் குறைத்துக்கொள்ளலாம். இருதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏழெட்டு மணி நேரத் தூக்கமும், சர்க்கரை வியாதியைக் கட்டுக்குள் வைப்பதும் மருந்துக்குச் சமம்.

தடுப்பூசி

ஃப்ளூ வைரஸ் தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் போன வருஷத்து ஊசி இந்த வருஷத்துக்கு உதவாது, ஆண்டுதோறும் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, எந்தெந்த வைரஸ்கள் ஊசியில் இருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்கிறது. ஊசி போட்டு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு கிடைக்கும். ஆகவே தீபாவளிப் பட்சணம் செய்ய ஆரம்பிக்கும்போதே இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டில்லியில் ஃப்ளூ மழைக்காலத்தில் ஒரு முறையும் குளிர்காலத்தில் ஒரு முறையும் தலைதூக்குவதால், உங்களுக்கு ஏற்ற மாதம் எது என்று டாக்டரிடம் கேட்பது நல்லது. 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் ஆகியோர் முன்வரிசையில் நிற்க வேண்டியவர்கள். ஊசி போட்டும் சிலருக்கு ஃப்ளூ வரலாம். ஆனால் ஆஸ்பத்திரி வரை போகும் வாய்ப்பு குறைகிறது. மாமா ஊசி போட்டுக்கொண்டதில்லை. நானும்தான்.

எல்லாவற்றிலும் பெரியது

ஒரு பிளாக் செக்ஷனில் வண்டி ஒன்று இருக்கும்போது அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் கொடுக்கக் கூடாது என்பது ரயில்வேயின் பாலபாடம். ஜுரம் உள்ளவனுக்கு லைன் கிளியர் இல்லை. அவன் வீட்டிலேயே நிற்க வேண்டும். மாத்திரையின் உதவி இல்லாமல் ஜுரம் விட்டு, அதன்பின் முழுதாக 24 மணி நேரம் கழிந்த பிறகே வெளியே வர வேண்டும். 'மாத்திரையின் உதவி இல்லாமல்' என்பதைக் கவனியுங்கள். பாராசிட்டமால் ஜுரத்தைத்தான் இறக்கும், தொற்றும் தன்மையை இறக்காது. அன்று பொங்கல் விழாவில் என் நெற்றி குளிர்ந்துதான் இருந்தது.

இதில் ஒரு சங்கடம், ஜுரம் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே ஃப்ளூ மற்றவர்களுக்குத் தொற்றக்கூடும். பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை அது நீடிக்கலாம், குழந்தைகளிடம் இன்னும் அதிக நாள். அதனால்தான் யாருக்கும் ஜுரம் இல்லாத நாட்களிலும் கை, மூக்கு, காற்று மூன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால், முடிந்தவரை தனி அறை, தனி டம்ளர், தனித் துண்டு. பார்த்துக்கொள்வது ஒருவரே, அவரும் முகக்கவசத்தோடு. பக்கத்து மருந்துக் கடையில் நாமே ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவது வீண் மட்டுமல்ல, தவறும்கூட. அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸுக்கு அல்ல. ஃப்ளூவுக்கென்று மருந்து இருக்கிறது. அதை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்பதால் முதியவர்கள், நோயாளிகள் விஷயத்தில் டாக்டரிடம் போக நாள் கடத்தக் கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, மனக் குழப்பம், சிறுநீர் குறைதல், இறங்கிய ஜுரம் மறுபடி ஏறுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இத்தனை சின்னச் சின்ன விஷயங்களால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஃப்ளூ வைரஸில் பி வகையைச் சேர்ந்த யமகாட்டா என்ற கிளை ஒன்று இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உலகில் எங்கும் யாரிடமும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. கொரோனா காலத்தில் உலகமே முகத்தை மூடி, கையைக் கழுவி, பயணத்தைக் குறைத்து, விலகி நின்றதால் அது போக இடமில்லாமல் அற்றுப் போயிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அதைத் தடுப்பூசியிலிருந்தே நீக்கிவிடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. சோப்பும் துணியும் கட்டுப்பாடும் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கொரோனா போனதும் அந்தப் பழக்கங்களையும் நாம் வழியனுப்பிவிட்டோம். இந்தப் பொங்கல் விழாவிலும் பந்தி உண்டு, கோலம் உண்டு, பேச்சும் சிரிப்பும் உண்டு. எல்லோரும் வாருங்கள். ஆனால் அன்று காலை உங்களுக்கு உடம்பு கணகணவென்று இருந்தால், தயவுசெய்து வராதீர்கள். ஒரு போன் செய்யுங்கள். சர்க்கரைப் பொங்கலைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு உங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணி அடித்துவிட்டு வர நான் தயார். எத்தனை மாடியானாலும் ஏறுவேன்.